கேட் அக்கா ஏறிய ரயில்

அந்தத் தீவில் ராணுவம் இருந்த காலத்தில், படகுத்துறையிலிருந்து மலைமேல் இருந்த பீரங்கிக் கோட்டைக்கு ஒரு குட்டி ரயில் குண்டுகளை ஏற்றிக்கொண்டு போகும். அது சாலையைக் கடக்கும் இடத்தில் பதினெட்டு வருடம் கேட்டை மூடித் திறந்தவளை ஊரே கேட் அக்கா என்றுதான் கூப்பிட்டது. ராணுவத்தைச் சேராதவர்கள் அந்த ரயிலில் ஏறக்கூடாது.

அந்த ரயில் ஓடிய கடைசி நாளன்று டிரைவர் வண்டியை நிறுத்தி, "ஏறிக்கங்கக்கா, இன்னைக்கு யாரு கேக்கப் போறா?" என்றார். சாலையின் இரு பக்கமும் வண்டிகள் காத்திருந்தன.

"அப்புறம் கேட்டை யாரு தொறப்பா? நீங்க போங்க தம்பி" என்று அனுப்பிவிட்டாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ராணுவம் போனபின் தண்டவாளங்களைப் பெயர்த்து விற்றார்கள். புதருக்குள் மறைந்திருந்த ஒரு துண்டு மட்டும் தப்பியது. இருபது வருடம் கழித்து, வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவள் மருமகன் புதரை வெட்டிவிட்டு, நாலு சக்கரமும் ஒரு பலகையுமாக ஒரு தள்ளுவண்டி செய்து அந்தத் தண்டவாளத்தின்மேல் நிறுத்தினான்.

"உக்காருங்க அத்தை. டிக்கெட்டெல்லாம் கேக்க மாட்டேன்."

அவன் தள்ள, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தபடி போனாள். இரண்டே நிமிடத்தில் தண்டவாளம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் வெறும் ஜல்லிக்கற்கள் வளைந்து மலைக்குப் பின்னால் போயின.

"அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும் மாப்பிள்ளை?"

"நடந்து போய்ப் பாத்துடலாமே அத்தை."

"நடந்து எத்தனையோ தடவை பாத்தாச்சு. ரயில்லேருந்து எப்படித் தெரிஞ்சிருக்கும்னு கேட்டேன்."

அவள் இறங்காமல் அந்த வளைவையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.