மூன்று முறை அணைத்துப் போட்டேன்

என் மகளின் கல்லூரிப் புராஜெக்டுக்குக் கம்ப்யூட்டர் தெரியாத ஓர் ஆள் தேவைப்பட்டது. அவள் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. அவள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் கடலூரில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் ஆசிரியை. என் கணவருக்குக் காட்டுமன்னார்கோயிலில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடிகாலை பஸ் ஏறிவிடுவார். ஆக, வாரத்தில் ஐந்து நாள் மஞ்சக்குப்பம் வீட்டில் நானும் கூடத்து மூலையில் அந்தக் கம்ப்யூட்டரும்தான்.

புராஜெக்ட் இதுதான். ஜன்னலில் வெப்பத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி. அதன் ஒயர் கம்ப்யூட்டருக்கு வரும். யாராவது பொத்தானை அமுக்கினால் போதும்; கம்ப்யூட்டர் தானாக எழுந்து, தானாக இன்டர்நெட்டில் சேர்ந்து, கடலூர் வெயில் எவ்வளவு என்று சிதம்பரத்தில் இருக்கும் கல்லூரிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பாஸ்வேர்ட் கிடையாது. மவுஸைத் தொட வேண்டியதில்லை. வீராணம் ஏரிப் பக்கத்து ஊர் ஒன்றில், கம்ப்யூட்டரைத் தொட்டே இராதவர்கூட இதை இயக்கலாம் என்பதுதான் அவள் நிரூபிக்க நினைத்தது. அதற்காகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டிருந்தாள்.

"அம்மா, நீ எதையும் கத்துக்காத. கத்துக்கிட்டா எம் புராஜெக்ட் கெட்டுடும்."

"டீச்சர்டி நான்."

"அதான் பயமே. நோட்ஸ் எடுக்காம இரு, போதும்."

சிவப்பு சுவிட்சைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின ஐப்பசியில், எங்கோ விழுந்த இடி கம்பி வழியாக வந்து பக்கத்து வீட்டு டெலிபோன், இன்டர்நெட் மோடம், டிவி மூன்றையும் கருக்கிவிட்டுப் போனது. எங்கள் ஊரில் வானம் உறுமினால் பிளக்கைப் பிடுங்க ஓடுவது எல்லா வீட்டிலும் உண்டு. எனக்கு அந்தப் பயம் கொஞ்சம் ஜாஸ்தி. மூலைக்கு மூலை ஓட முடியாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர், மானிட்டர், மோடம் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கொண்டுவந்து, சுவரில் ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச் வைத்தேன். ஒரு தட்டு தட்டினால் எல்லாம் அடங்கும். மழை நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. அதை அணைக்காமல் பள்ளிக்குச் செருப்பு மாட்ட மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் நாலு பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

மகள் சனி, ஞாயிறு வரும்போது அவளுக்காகக் காலையிலேயே சுவிட்சைப் போட்டுவைப்பேன். அவள் கம்ப்யூட்டரை மட்டும் அணைத்து அணைத்து எழுப்பிச் சோதிப்பாள். ஒருமுறைகூட அது தவறவில்லை.

கல்லூரிக்குத் தேர்வாளர்கள் வந்த புதன்கிழமைக்காக அரை நாள் லீவ் போட்டுவிட்டு வீட்டில் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு அழைத்தாள்.

"அம்மா, சாருங்கல்லாம் உக்காந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இப்ப ஆன் பண்ணு."

சிவப்பு சுவிட்சைப் போட்டேன். கையோடு கம்ப்யூட்டர் பொத்தானையும் அமுக்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று ஏறின. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பச்சையில் ஓகே, ஓகே. பிறகு ஒரு வரி மட்டும் நின்றது. அரை நிமிடம் கழித்து அதன் ஓரத்தில் சிவப்பில் 'ஃபெயில்டு' என்று விழுந்தது. அடுத்த வரிகள் ஒன்றும் நடக்காததுபோல் மேலே போயின.

"இங்க ஒண்ணும் வரலியேம்மா. ஸ்க்ரீன்ல என்னா வந்துது?"

"செவப்பா ஃபெயில்டுன்னு ஒண்ணு வந்துதுடி. ஏதோ நெட்வொர்க்குன்னு போட்டிருந்துது."

"பின்னால ஒயர் சரியா மாட்டியிருக்கா பாரு. மோடத்துல லைட் எரியுதா?"

"எரியுது. பச்சையா எரியுது."

மோடத்தில் நான்கு விளக்குகள். முதல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவள் கேட்டது எரிகிறதா என்று, எரிந்தது.

"சரி, ரீஸ்டார்ட் பண்ணும்மா."

எனக்குத் தெரிந்த ரீஸ்டார்ட் ஒன்றுதான். சிவப்பு சுவிட்சை அணைத்தேன். பத்து வரை எண்ணினேன். போட்டேன். பொத்தானை அமுக்கினேன். அதே வரி நின்றது. அதே சிவப்பு வந்தது.

போனுக்குள் ஓர் ஆண்குரல், "என்னம்மா, கடலூர்ல இன்னிக்கி வெயிலே அடிக்கலியா?" என்றது. சிலர் சிரித்தார்கள்.

"இன்னொரு வாட்டி மட்டும்மா. ப்ளீஸ்."

மூன்றாவது முறையும் அணைத்துப் போட்டேன். மூன்றாவது முறையும் சிவப்பு. அவள் குரல் நடுங்குவது கேட்டது. பயத்தில் எனக்கு வருவது கோபம்தான். எப்போதும் அப்படித்தான்.

"அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் உனக்கு ஒத்துவராதுன்னு? நல்லா இருந்த கம்ப்யூட்டர நோண்டி நோண்டிக் கெடுத்து வச்சிட்டு இப்ப என்னப் போட்டு வாட்டுற! ஒழுங்கா பி.எட். சேந்திருந்தா இந்த அசிங்கம் உண்டா?"

ஸ்பீக்கரில் போட்டிருப்பதாக அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். அந்த அறையில் சிரிப்பு நின்றுபோனது.

"சரிம்மா. வச்சிடறேன்," என்றாள்.

சனிக்கிழமை வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வழக்கம்போல நான் காலையிலேயே சுவிட்சைப் போட்டுவைத்திருந்தேன். அணைத்தாள், எழுப்பினாள். பச்சை. மறுபடி பச்சை. ஒயரை மாற்றிப் பார்த்தாள். ஏதேதோ ஃபைல்களைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்குத் திரும்பவே இல்லை.

"எனக்கு வருதேம்மா. அன்னிக்கி மட்டும் ஏன் வரல?"

"எனக்கு என்னாடி தெரியும்?"

"எங்க தப்புன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம். தப்பே தெரியலன்னாதான் பயமா இருக்கு."

அவள் விடுதிக்குத் திரும்பிய மூன்றாம் நாள், பள்ளி விட்டு வந்து, அந்த 'ஃபெயில்டு' இன்னும் வருகிறதா பார்க்கலாம் என்று சிவப்பு சுவிட்சைத் தட்டினேன். பொத்தானை அமுக்கப் போகும்போது வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. பழைய சிலிண்டரை உருட்டிக் கொடுத்து, ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பொத்தானை அமுக்கினேன். அந்த வரி நிற்கவே இல்லை. பச்சை.

மாணவர்களிடம் நான் வருடா வருடம் சொல்வது இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, பிறகு பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். சுவிட்சும் பொத்தானும் உடனுக்குடன்: சிவப்பு. ஒரு நிமிடம் விட்டு: சிவப்பு. மூன்று நிமிடம் விட்டு: பச்சை. ஐந்து நிமிடம்: பச்சை. மோடத்தின் இரண்டாவது விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிய இரண்டரை நிமிடம் ஆனது. அதற்குள் கம்ப்யூட்டர் எழுந்து, இணைப்பு உண்டா என்று ஒரே ஒரு தடவை கேட்டு, பதில் வராமல் விட்டுவிட்டது. ஷட்டர் பாதி ஏறும்போதே கடைக்குப் போய்விட்டு, கடை இல்லை என்று திரும்பி, அப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகாத ஆளைப்போல.

அவள் போட்ட லினக்ஸில் பழுதில்லை. ஒயரில் பழுதில்லை. இரண்டையும் ஒரே நொடியில் எழுப்பியது என் சுவிட்ச். மூன்று முறை அவள் கெஞ்சியபோதும் மூன்று முறையும் மோடத்தின் உயிரைப் பிடுங்கியவள் நான்.

நான்கு அளவுகளையும் ஒரு தாளில் எழுதினேன். பழக்கதோஷம், மேலே தேதியும் போட்டேன். உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். சத்தியமாக அதற்குத்தான் எடுத்தேன். மறுமுனையில் அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, நானே கூப்புடலாம்னு இருந்தேன். அந்தச் சென்னை வேல வேணாம்னு எழுதிடறேன்."

கல்லூரிக்கே வந்து தேர்ந்தெடுத்த நிறுவனம். பெரிய அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை இணைத்துப் பராமரிக்கும் வேலை. கடிதம் வந்த அன்று விடுதி முழுக்க மிட்டாய் கொடுத்தவள் அவள்.

"ஏன்டி?"

"ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர கனெக்ட் பண்ணத் தெரியல. அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போறேன்? நீ சொன்ன மாதிரியே பி.எட். சேர்றேன். ஒங்கூடவே இருக்கேன்."

தாள் என் கையில் இருந்தது. அவள் சென்னைக்குப் போவதை நினைத்து நினைத்து அந்த வருடம் முழுக்க நான் சரியாகத் தூங்கியதில்லை. எந்த ஹாஸ்டல், எந்த பஸ், எத்தனை மணிக்குத் திரும்புவாள். எல்லாவற்றுக்கும் அவளே முடிவு கட்டிவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"யோசிச்சு செய்யி," என்றேன்.

தாளை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அது தவக்காலம். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டுச் சுவிட்சிலிருந்து ஆரம்பித்தேன். வயதான சாமியார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோடம்னா என்னம்மா?" என்றார். விளக்கினேன். விளக்க விளக்க அது ஒரு மின்சாரச் சமாச்சாரமாகிக்கொண்டே போனது. பாவம் எங்கோ ஒதுங்கிக்கொண்டது.

"தெரியாம செஞ்சதுதானே? மகள்கிட்ட அன்பா இருங்க," என்று மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார்.

தெரியாமல் செய்தது அந்தப் புதன்கிழமை. தெரிந்து செய்துகொண்டிருந்தது அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளும். அதை நான் அவரிடம் பிரித்துச் சொல்லவில்லை. மூன்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. இன்றுவரை எனக்கு ஆறாதது அந்த லேசுதான்.

பி.எட். விண்ணப்பத்தைக் கூடத்தில் உட்கார்ந்து நிரப்பினோம். ஞாயிற்றுக்கிழமை, என் கணவரும் இருந்தார். "புள்ளைக்கு இஷ்டந்தானா?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அவளேதான் கேட்டா," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் சிவப்பு சுவிட்ச்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவள் கடலூரிலேயே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. ஒருநாள் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மா! எங்க லேப்ல டெய்லி காலைல ஒரு மிஷின்லயும் நெட் வராதுன்னு சொல்வேன்ல? கண்டுபுடிச்சிட்டேன்! எல்லாம் லினக்ஸ். வாட்ச்மேன் அண்ணன் மெயின் சுவிட்ச ஒரே தட்டுல போட்டுடுறாரு. மோடம் முழிக்கறதுக்குள்ள இதுங்க முழிச்சிக்கிதுங்க. கேட்டுப் பாத்துட்டு, இல்லன்ன ஒடனே கம்முனு படுத்துக்குதுங்க. மோடத்த மொதல்ல போட்டு, நாலு நிமிஷம் வெயிட் பண்ணோம். எல்லா மிஷினும் வந்துடுச்சு!"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஹெல்மெட்டை மேசையில் வைக்கப் போனவள் நின்றாள். சுவரைப் பார்த்தாள்.

"அம்மா… அன்னிக்கி ரீஸ்டார்ட் பண்ணுன்னப்ப, நீ எதத் தட்டுன?"

"அதத்தான்."

"மூணு வாட்டியுமா?"

"மூணு வாட்டியும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா! ஒயர மாத்துனேன், ஃபைலெல்லாம் படிச்சேன், இத ஒரு வார்த்த கேக்கலியே ஒன்ன! நீ ஒரு லூசு, நான் பெரிய லூசு."

என் அறியாமையை அவள் ஒரே சிரிப்பில் மன்னித்துவிட்டாள். நானும் கூடச் சிரித்திருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் தன்னையே பெரிய லூசு என்று சொல்லிக்கொண்டதை என்னால் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போய் ஜெபப் புத்தகத்தை எடுத்துவந்து அந்தத் தாளை நீட்டினேன்.

முதலில் அளவுகளைப் படித்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். சிரிப்பின் மிச்சம் அவள் முகத்திலிருந்து போக நேரமானது.

"ஒரு வாரத்துலயே தெரியுமா?"

"தெரியும்."

"பி.எட். ஃபாரம் எழுதும்போது?"

"தெரியும்."

"யார்ட்டயாவது சொன்னியா?"

"ஃபாதர்ட்ட சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல."

"அவருக்கு மோடம்னா தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியுமேம்மா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, எப்போதும்போல் மறுநாளைக்கான புத்தகங்களை எடுத்து வைத்தாள். அந்தத் தாளை அவள் திருப்பித் தரவில்லை.