சண்டை முடியும்வரை கட்டிய காப்பு

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்குக் காப்புக் கட்டினோம். திருவிழாவுக்கு அல்ல, சண்டைக்கு. இதைச் சொன்னால் இன்றைக்குள்ளவர்கள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்கியிருந்த நேரம். எதிரிக் கப்பல் ஒன்று மதராஸ் கரைக்கே வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து லயத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. மதராஸுக்கு வந்தவன் கிள்ளான் துறைமுகத்துக்கு வரமாட்டானா? அங்கிருந்து ஆற்றோடு ஏறி இங்கே வரமாட்டானா? வந்தால் முதலில் இஞ்சின் கொட்டகையைத்தானே சுடுவான்? அந்தக் கொட்டகையை ஒட்டி இருப்பது நாங்கள்தானே? வெள்ளைக்காரர்கள் ஆற்றுப் பாலத்துக்குக் காவல் போட்டுவிட்டார்கள், எங்களுக்குப் போடவில்லை. அடுத்த வீட்டு அக்கா அதற்கு ஒன்று சொன்னாள், இன்னும் என் காதிலேயே இருக்கிறது: "பாலம் விழுந்தா மறுபடி கட்டுவான். நம்ம விழுந்தா யாரு கட்டுறது?"

ஆக, நாங்களே ஒரு காவல் ஏற்படுத்திக்கொண்டோம். அதற்குத் தலைவராக ஸ்டோர் காவல்காரரைப் பிடித்தோம். அவரை எல்லாரும் சுபேதார் என்றுதான் கூப்பிடுவோம். பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருந்தவர். சுபேதாராகத்தான் இருந்தாரா என்று யாரும் விசாரித்ததில்லை, அந்த மீசைக்கு அதற்குக் குறைந்த பட்டம் பொருந்தாது. பெண்சாதி செத்துப்போய் ஒண்டியாக இருந்தார். ஒரே மகளைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருந்தார்.

தப்பு எங்கே நடந்தது என்றால், வேலையைக் கையில் கொடுத்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். நாங்களோ மாரியம்மன் சந்நிதியில் நிறுத்தி, பூசாரியைக் கொண்டு மஞ்சள் கயிற்றில் வேப்பிலை முடிந்து வலது கையில் காப்பே கட்டிவிட்டோம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் எல்லை தாண்டிப் போய்த் தங்கக்கூடாது, கவிச்சி தொடக்கூடாது. அவரை யாரும் ஏசவும் கூடாது, எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவும் கூடாது. காப்பு இறங்கும்வரை அவர் சாமி, கூப்பிடுவதே சாமி என்றுதான். திருவிழா என்றால் பத்து நாளில் கொடி இறங்கிவிடும், காப்பும் இறங்கிவிடும். சண்டைக்குக் கொடி இறக்குவது யார்? "தைப்பூசத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் பூசாரி. எல்லாரும் தலையை ஆட்டினோம். தைப்பூசம் வந்தது, போனது. சண்டை மட்டும் போகவில்லை.

காவல் முறை இதுதான். லயத்து முனையில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பொழுது சாய்ந்ததும் சுபேதார் அதன் அடியில் நிற்பார். ஆபத்து என்றால் இரும்புக் கம்பியால் அடிப்பார், சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவர வேண்டும். அந்தக் கம்பியை வேறு யாரும் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டார். பட்டாளத்து வாள் மாதிரி இடுப்பிலேயே செருகியிருப்பார்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பினார். அவர் பயர்மேன், இஞ்சினில் கரி தள்ளுகிற வேலை. முனையைத் தாண்டும்போது சுபேதார் நிறுத்தி, கொஞ்சம் நில்லு, இந்தா வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சாமி சொல்லும்போது முடியாது என்பதா? நின்றுவிட்டார். கொஞ்சம் என்றது நீண்டது. கொட்டகையில் இஞ்சின் ஆளில்லாமல் நின்று, வேறொருவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இருட்டுகிற நேரத்தில் கடைசி வீட்டு அடுப்பிலிருந்து அத்தாப்பு ஓலைக் கூரையில் தீப் பிடித்தது. இவர் தண்டவாளத்தை அடிக்க ஓடினால் கம்பி இல்லை. கல்லால் அடித்துப் பார்த்தார், அது டொக்கென்றதே தவிர யாருக்கும் கேட்கவில்லை. பிறகு தீ அடுத்த வீட்டுக்குப் பரவாமல் இருக்க எரிகிற கூரையைக் கையாலேயே பிய்த்து எறிந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அவருடைய இரண்டு கையும் வெந்துபோயின.

மறுநாள் காலையில் சுபேதார் வந்தார். ஆற்றோரம் எல்லை பார்க்கப் போயிருந்தேன் என்றார். சரி சாமி என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு எங்களுக்குச் சேதி வந்தது. வேலை நேரத்தில் ஆள் இல்லை, இனி கரி தள்ளவும் கை உதவாது, மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஆப்பீசில் கணக்கெழுதும் கிராணி எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். காவல் தலைவரே துரையிடம் வந்து, நான்தான் இவனை நிறுத்தி வைத்தேன் என்று வாயால் சொல்லட்டும். சொன்னால் கேட் சாத்தித் திறக்கிற வேலை கொடுப்பார்கள், வீடும் நிற்கும்.

ஒரு வாய்ச்சொல்தானே என்று ஓடினேன். சுபேதார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்கலாம் என்றார். மறுநாளும் பார்க்கலாம். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களையப் போனால் களைந்ததையே களைந்துகொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக்காரரோ கையை மடியில் வைத்துக்கொண்டு, காப்புக் கட்டினவரை வற்புறுத்தாதே என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அப்போதுதான் துணி மூட்டையோடு பாய் வந்தார். வாராவாரம் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து லயத்தில் சீலை விற்பவர். தீப்பிடித்ததை விசாரித்துக்கொண்டே, கபடமில்லாமல், "அன்னைக்குத்தான் தங்கச்சி, ஒங்க சுபேதார கிள்ளான் ஸ்டேஷன்ல பாத்தேன். இடுப்புல இரும்புக் கம்பி. சண்டை வந்துருச்சோன்னு டிக்கெட் குடுக்குறவரே எந்திரிச்சு நின்னுட்டாரு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பாய் விரித்த சீலையை மடிக்கச் சொல்லிவிட்டு நேரே சுபேதார் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பித்தளைப் பொத்தான்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். கிள்ளான் என்று நான் சொன்னதுமே துணி கையிலிருந்து நழுவியது.

"மகளுக்கு வலி கண்டிருச்சுன்னு ஆள் வந்துச்சு. அவளுக்குத் தாய் இல்ல. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"போனதக் கேக்கல சாமி. என் புருஷன நிறுத்திட்டுப் போனத மட்டும் சொல்லுங்க."

"அதச் சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? நீ எங்க போனேம்பான். எல்லை தாண்டினேன்னு தெரிஞ்சா, அங்க குண்டு விழுந்தா என்னால, இங்க காய்ச்சல் வந்தா என்னால. பேரப்பிள்ளை தும்முனாலும் என்னாலதான்."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் பேசுவார்கள். பேரப்பிள்ளை நலமா என்று கேட்டேன், பையன் என்றார். திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர்மேல் பாவமாக இருந்தது, வீட்டுக்குள் நுழைந்து கட்டுப்போட்ட கைகளைப் பார்த்ததும் பாவம் போய்விட்டது. அன்று முழுவதும் இப்படியே போவதும் வருவதுமாக இருந்தது மனசு.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக் கடைப் பக்கம் தண்ணீருக்குப் போனேன். வழக்கம்போல ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தக் கடை கட்டித்தருகிற காகிதத்தில்தான், அதனால் பத்திரிகை என்றால் காது தானாக நின்றுவிடும். போர்முனையில் குண்டு போதவில்லையாம், சண்டை மந்திரியை லண்டன் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்களாம். கேட்கத்தான் வேண்டும், பொறுப்பை வாங்கினவன் பதில் சொல்லாமல் போகலாமா என்று எங்கள் ஆண்பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். தட்டின கைகளெல்லாம் சுபேதாரைச் சரி சாமி என்று கும்பிட்ட கைகள்.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் கோயில் முன்னால் காவல் கூட்டம். பெண்கள் ஓரமாக நிற்பதுதான் வழக்கம். நான் நடுவில் போய் நின்றேன்.

"தீப்புடிச்ச அன்னிக்கு தண்டவாளத்துக்கிட்ட யாரு நிக்கணும்? யாரு நின்னா?"

பூசாரி பதறிப்போனார். காப்புக் கட்டிய ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அம்மன் கோபம் லயத்தோடு நிற்காது, சண்டைவரைக்கும் போகும் என்றார். அடுத்த வீட்டு அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"லண்டன்ல மந்திரியக் கேக்கலாம், இங்க கேக்கக்கூடாதா?" என்றேன். "மந்திரிக்குக் காப்புக் கட்டலியே" என்றான் ஒருத்தன். நாலு பேர் சிரித்தார்கள். கிள்ளான் என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன், இன்னும் ஒருவர் சிரித்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

அதற்குள் சுபேதார் எழுந்தார். வலது கை முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். மாதக்கணக்கில் இறுகின முடிச்சு, லேசில் வரவில்லை. கயிறு வந்ததும் அதைக் கற்பூரத் தட்டில் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "நான்தான் நிக்கணும். அவன நிக்கச் சொல்லிட்டு கிள்ளானுக்குப் போயிட்டேன். கம்பியும் எங்கிட்டதான் இருந்துச்சு" என்றார்.

கூட்டம் சிதறியது. சில பெண்கள் அழுதார்கள். பூசாரி தட்டைத் தொட மாட்டேன் என்று போய்விட்டார். இனி கப்பல் வந்தே தீரும் என்று ஒருவர் கிளம்பி அம்பாங்கில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். மூவரும் ஆப்பீசுக்குப் போனோம். துரை ஒரு கேள்வி கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். நான்தான் நிறுத்தினேன் என்றார் சுபேதார். துரை தலையை ஆட்டினார், அவ்வளவுதான். எங்கே போனாய் என்று அவர் கேட்கவே இல்லை. வெளியே வந்ததும் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இதற்கா இத்தனை நாள், இதற்கா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கேட் வேலை கிடைத்தது. வீடும் நின்றது. கம்பியைத் தண்டவாளத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். காப்பு வேண்டாம், வாரத்துக்கு ஒருவர் முறை போட்டு நிற்கலாம் என்று முடிவானது. சுபேதாரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய வாக்குவாதம். பத்திரிகையில் கெட்ட சேதி வந்த நாளெல்லாம் அவர் வீட்டுப் பக்கம் பார்த்துத் துப்பியவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்காரர்தான், கட்டுப் பிரிக்காத கையைத் தூக்கி, "அவரும் நிக்கட்டும். நின்னாத்தானே நிக்கிறாரான்னு பாக்க முடியும்" என்றார்.

அவர் முறை வந்தது. அந்த வாரம் முழுவதும் சாயங்காலமானால் எனக்கு ஒரு வேலை ஓடாது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு முனைவரை போய்ப் பார்ப்பேன். நின்றுகொண்டிருப்பார். திரும்பி வந்து கிளறுவேன், மறுபடி போவேன். "என்னம்மா, இருக்கேனான்னு பாக்கிறியா?" என்று ஒரு நாள் கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். அவர் மறுபடி நேராக நிமிர்ந்து நின்றார். நானும் போய்ப் பார்ப்பதை நிறுத்தவில்லை.