நாவல் மரத்தில் ஒட்டிய கல்பாசி

எண்ணெய் காய்ந்துவிட்டது. பிரியாணிக்குக் கல்பாசியைக் கிள்ளிப் போடக் கையில் எடுத்திருந்தேன். அப்போதுதான் குழந்தைவேல் அண்ணனின் மனைவி சரசக்கா போனில் கூப்பிட்டார். "அண்ணன் போயிட்டாருங் கண்ணு. தூக்கத்துலயே." அடுப்பை அணைத்துவிட்டு, ஆர்.எஸ்.புரத்துச் சமையலறையில் அந்தக் கல்பாசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தைவேல் அண்ணன் போன செய்தி வரும்போது என் கையில் வேறு எது இருந்திருந்தாலும் பொருந்தியிருக்காது.

சிறுவாணி மலையடிவாரத்தில், காட்டை ஒட்டி அவர் நடத்திய கறிக்கோழிப் பண்ணையை ஊர்க்காரர்களான நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். கோட்டைமேட்டில் மசாலாச் சாமான் விற்கும் குடும்பத்துப் பெண். கடையில் மூட்டையாகப் பார்த்த கல்பாசி மரப்பட்டையில் உயிரோடு வளர்வதை ஒருநாள் பார்த்தேன். அன்று தொடங்கிய பைத்தியம் இன்னும் தெளியவில்லை. அதற்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவருவதை உண்டே வாழும். காற்று கெட்டால் முதலில் போவதும் அதுதான். அதைத் தேடி அலைந்தபோது, அண்ணனின் பண்ணைக்குப் பின்னால் எந்த மரத்திலும் அது இல்லை. பட்டையெல்லாம் வேறொரு மஞ்சள் பாசி படர்ந்திருந்தது. கீழே உண்ணிச்செடி ஆளுயரம் மண்டிக் கிடந்தது.

கோழி எச்சத்திலிருந்து எழும் அமோனியா காற்றோடு போய்க் காட்டில் இறங்குகிறது, அதிலிருப்பது நாம் வயலுக்குப் போடும் அதே தழைச்சத்துதான் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"தழைச்சத்து நல்லதுதானுங்களே அம்மணி?"

"வயலுக்கு நல்லதுங்கண்ணா. காட்டுக்கு வேண்டியது காட்டுலயே இருக்கு. மிஞ்சுனத உண்ணிச்செடிதான் தின்னு கொழுக்குது."

அவர் மலைப் பக்கம் திரும்பினார். "அப்ப, பசிக்குதான்னு கேக்காமயே சோத்தப் போட்டு அதும் வவுத்தக் கெடுத்துப்போட்டேனுங்களா?"

அடுத்த முறை அவர் குஞ்சு இறக்கவில்லை. கொட்டகை காலியாகவே கிடந்தது. டீக்கடையில் உங்களில் சிலர் சிரித்தீர்கள். மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், நான் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "நான் நிறுத்துனது காட்டுக்குத் தெரிஞ்சிருச்சுங்களா?"

மண்ணில் சேர்ந்தது சீக்கிரம் போகாது, காடு மெதுவாகத்தான் திரும்பும் என்பேன். "மெதுவாத் தெரியட்டுங்க. ஆனா எனக்கும் வயசாகுதில்லீங்களா" என்பார். வேலியோரத்து நாவல் மரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருப்போம். மலையிலிருந்து மூடுபனி இறங்கும். முதலில் காடு மறையும், பிறகு கொட்டகை, பிறகு மரம். கடைசியில் அண்ணனும் மறைந்துவிடுவார். இருமினால்தான் பக்கத்தில் ஆள் இருப்பது தெரியும். அப்படி எத்தனை காலைகள் கழிந்தன என்று நினைவில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்து நான் போனபோது, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். நாவல் மரம் முழுக்கக் கல்பாசி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வொன்றின் அடியிலும் தச்சர்கள் போடும் பசை. பட்டை, கிராம்பு வாசனை வேறு. சந்தேகமே இல்லை, என் தம்பி கடைச் சரக்கு.

"மொகம் வாடி வாடித் திரும்பிப் போறீங்க. பாக்கச் சகிக்கல. அதான் ஒட்டிப்போட்டனுங்க."

"இது என்ன கல்யாணப் பந்தலாண்ணா, சோடிச்சு வைக்க?" என்று சத்தம் போட்டபடியே எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். ஏணி வைத்து உயரத்தில் ஒட்டிய ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை. "அது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுங்க" என்றார். வீடு வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கருமாதி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நாவல் மரத்துப் பக்கம் நடந்தேன். முந்தைய நாள் மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தது. நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்த சரசக்கா ஏணியைத் தூக்கிவந்து சாத்தினார். "ஏறிப் பாருங் கண்ணு. நான் புடிச்சுக்கறேன்."

அது அங்கேயே இருந்தது. ஈரத்தில் பச்சை பூத்திருந்தது. செத்த கல்பாசிகூட நனைந்தால் கொஞ்சம் நிறம் காட்டும், அதனால் நான் அதை நம்பவில்லை. லென்ஸை வைத்து ஓரத்தைப் பார்த்தேன். காய்ந்த பசையைத் தாண்டி, வெறும் பட்டையின் மேல், வெட்டிப் போட்ட நகத்துண்டு அளவுக்குப் புதிதாக ஒரு விளிம்பு படர்ந்திருந்தது. கல்பாசி காய்ந்து கிடந்தாலும் சில காலம் தூங்கத்தான் செய்யும். வந்த சரக்கு புதிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த விளிம்பை எந்தக் கடையும் விற்றிருக்க முடியாது. இங்கே, இந்தக் காற்றில் வளர்ந்தது அது.

"என்னங் கண்ணு, காட்டுக்குத் தெரிஞ்சிருச்சா?" கீழிருந்து சரசக்கா கேட்டார். அந்தக் கேள்வியை அவரும் அறிவார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"காத்துக்குத் தெரிஞ்சிருச்சுக்கா. மண்ணுக்குத்தான் இன்னும் தெரியல" என்றேன். உண்ணிச்செடி இன்னும் ஆளுயரம்தான் நின்றது. சரசக்கா பிடித்திருந்த ஏணி லேசாக நடுங்கியது.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். மண்ணுக்குத் தெரிகிறவரை அதைக் கேட்டுக்கொண்டு போவேன். அன்று என் கை எட்டாமல் போனது நல்லதாயிற்று.