நான்கு எஃப்களும் ஒரு பித்தளை வில்லையும்

கென்டக்கி மலைப்பகுதியில் உள்ள அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கறைப் பொறுப்பு ரோண்டாவுடையது. உள்ளே இறங்குகிறவர் தம் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுத் தலைவிளக்கை வாங்கிப் போவார். பூமிக்கடியில் யார் யார் இருக்கிறார்கள் என்பது பலகையைப் பார்த்தாலே தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையில் ஒரு வில்லைகூட இடம் மாறியதில்லை. சொல்லாமல் மூன்று நாள் வராதவரின் பெயரை அடித்துவிடுவாள். கடிதம், கையெழுத்து எதுவும் வேண்டாம்.

அந்த வழக்கம்தான் தம்பி டாரெலுக்கு வினையாக வந்தது.

பத்தொன்பது வயதில் அவன் கல்லூரியில் சேர்ந்திருந்தான். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பாதிப் பருவத்தில் சுரங்கத்தில் ஓர் இடம் காலியானது. "காலேஜ்ல என்ன சொல்றது அக்கா?" என்று கேட்டான். "போகாம இருந்துடு. மூணு நாள் பாப்பாங்க, பேரை எடுத்துடுவாங்க" என்றாள் ரோண்டா.

டாரெல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான். கல்லூரி பெயரை எடுக்கவில்லை. விலகுவதாக எழுதிக் கொடுக்காதவன் தேர்வு நாள்வரை மாணவன்தான். வேதியியல், உயிரியல், கணக்கு, ஆங்கிலம் நான்கிலும் தோல்வி என்று எஃப் விழுந்தது.

சில வருடம் கழித்துச் சுரங்கம் ஆட்களைக் குறைத்தபோது டாரெல் செவிலியர் படிப்பில் சேர்ந்து நன்றாகத் தேறினான். இதய நோயாளிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்தான். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும் செவிலியராக வேண்டும் என்று மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் பழைய நான்கும் எழுந்து வந்தன. படித்த கல்லூரி ஒவ்வொன்றின் மதிப்பெண் பட்டியலையும் கேட்டார்கள். மறுபடி படித்துத் தேறினாலும் பழைய எஃப் கணக்கில் நிற்கும். நான்குக்குக் குறைந்தது மூன்று இருக்க வேண்டிய அறிவியல் சராசரி 2.70ல் கிடந்தது. இடம் இல்லை என்று கடிதம் வந்தது.

"விடுக்கா, இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்று சோளரொட்டியைப் பிட்டான் டாரெல்.

ரோண்டா விடவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், சராசரி போடும் முறையை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

"இன்னும் மூணு அறிவியல் பாடம் படி. மூணுலயும் ஏ வாங்கினா 3.03 வரும். ஒண்ணுல பி வந்தாலும் மூணைத் தொடாது."

"வார்டு வேலையோட ஆர்கானிக் கெமிஸ்ட்ரியா? ஆளைக் கொல்லப் பாக்குறியா?"

"அந்த எஃப் நாலும் என்னுது டாரெல். உன் பேர்ல கிடக்கு, அவ்வளவுதான்."

அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். இத்தனை வருடத்தில் இருவரும் அதைப் பேசியதே இல்லை. "நான் ஒண்ணும் கைக்குழந்தை இல்ல. காலேஜ்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல" என்றான்.

ஒன்றரை வருடத்தில் மூன்று பாடமும் முடித்தான். மூன்றிலும் ஏ. மறுபடி விண்ணப்பித்ததும் நேர்காணலுக்கு அழைத்தார்கள். ரோண்டா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு வண்டியில் போனாள். கல்லூரி வாகன நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து டையைத் தளர்த்திக்கொண்டே வந்தான்.

"கேட்டாங்களா?"

"முதல் கேள்வியே அதுதான். நாலு எஃப் எப்படின்னு."

"என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். சுரங்கத்துல மூணு நாள் வரலைன்னா பேரை அடிச்சுடுவாங்க, காலேஜும் அப்படித்தான்னு நினைச்சோம். தெரியாததைக் கேக்காம விட்டது தப்பு. இப்ப வார்டுல சின்ன சந்தேகம்னாலும் டாக்டரை எழுப்பிக் கேப்பேன், திட்டினாலும் சரின்னு சொன்னேன்."

"என்னைச் சொன்னியா?"

"சொன்னேனே. வில்லைப் பலகைல ஒரு தடவைகூட தப்பு பண்ணாத அக்கான்னு. அங்க ஒரு அம்மா எழுதிக்கிட்டாங்க."

"எதுக்கு எழுதினாங்க?"

"உன்னைப் பிடிச்சு உள்ள போட!"

ரோண்டா அவன் தோளில் ஓர் அடி வைத்தாள்.

பதினோராம் நாள் காலை, ஷிப்ட் மாறும் நேரத்தில் விளக்கறைக்குப் போன் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அன்று ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் விளக்கோடு சேர்த்துச் செய்தியையும் கொடுத்தாள்.

"அப்ப எங்களை எல்லாம் உன் தம்பிதான் தூங்க வைப்பானா?" என்றார் பெரியவர் ஹார்லன்.

"உங்களுக்கு எதுக்கு மருந்து? அடியில போய் நீங்களாவே தூங்குறதுதானே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஹார்லன் வில்லையை மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார். "என் பொண்ணும் காலேஜை விட்டுடுறாளாம். ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை வந்திருக்கு."

ரோண்டா விளக்கை நீட்டவில்லை. "எழுதிக் கொடுத்துட்டாளா?"

"எதை?"

"விலகுறேன்னு. காலேஜ் ஆபீஸ்ல போய், பாரம் வாங்கி, எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வாங்கணும். இன்னிக்கே."

"இனிமே அங்க போகவே மாட்டா ரோண்டா, அதுக்கு எதுக்கு..."

"போகாட்டாலும் பேரு அங்கயே இருக்கும்." மேசைத் தொலைபேசியை ஜன்னல் வழியே அவர் பக்கம் தள்ளினாள். "கூப்பிடுங்க. அப்புறம் விளக்கு தரேன்."