கொழும்பிலிருந்து வந்த ஆறாவது ஆள்

நாற்பத்தாறாம் வருஷம் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் அரிசிக்குத்தான் பஞ்சம், கௌரவத்துக்கு இல்லை.

சௌடம்மாள் வீட்டு ரேஷன் கார்டில் ஐந்து பேர்: மாமியார் ஜக்கம்மாள், புருஷன் நாகையா, சௌடம்மாள், இரண்டு பிள்ளைகள். சாப்பிட்டதோ ஆறு பேர். ஆறாவது ஆள் நாகையாவின் தம்பி சென்னகேசவன். நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் தறிக்குழியை விட்டு எழுந்தவன், சுவருக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிப் பதில் பேசத் தொடங்கினான். மந்திரித்துப் பார்த்தார்கள், வேப்பிலை தீர்ந்ததே தவிர வேறொன்றும் தீரவில்லை. நூல் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "கொழும்புல ஒரு கடையில இருக்கான்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். கார்டு எழுத வந்தவர்களுக்கும் அதே பதில்தான். கொழும்பில் இருப்பவனுக்கு அருப்புக்கோட்டையில் எந்தச் சர்க்கார் அரிசி போடும்?

அவன் சோறு சௌடம்மாளின் தட்டிலிருந்து போயிற்று. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் என்ன சாப்பிட்டாள் என்று யார் பார்த்தார்கள்? அந்த வருஷம் ரேஷன் அளவை இன்னும் குறைத்தார்கள். தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாள். நூலுக்குக் கிடைத்த கஞ்சி அவளுக்குக் கிடைக்கவில்லை. தெரு அவள் முழுகாமல் இருப்பதாக முடிவு கட்டிச் சந்தோஷப்பட்டது.

மறுவாரம் ரேஷன் குமாஸ்தா சண்முகவேல் தலை எண்ண வந்தார்.

"எத்தனை உருப்படி?"

"அஞ்சு" என்றாள் ஜக்கம்மாள்.

"ஆறுங்கய்யா" என்றாள் சௌடம்மாள்.

கன்னடம் தாய்மொழியான அந்த வீட்டில், மறைக்க வேண்டியதையெல்லாம் கன்னடத்தில்தான் பேசுவார்கள். மாமியார் கன்னடத்திலேயே பல்லைக் கடித்தாள். மருமகளோ, தெருக்கோடி வரை கேட்கும்படி தமிழில் பதில் சொன்னாள்.

"கொழும்பு எங்க வீட்டு நூல் அறையிலதான் இருக்கு அத்தை. நாலு வருசமா அங்கனதான் சோறு வச்சுக்கிட்டிருக்கேன்."

"யாரும்மா அது?" என்றார் குமாஸ்தா.

"எங் கொழுந்தனாரு. மனசுல சீக்கு. கால் ஒடிஞ்சவுகளுக்கு அரிசி உண்டுல்ல? அப்ப இவுகளுக்கும் போடுங்க."

"ஆளைக் கண்ணால பாக்கணும். அதான் ரூல்."

ஊர்ப் பொய்யை ஒரு ரூல் திறந்தது. நாகையா பூட்டைத் திறந்தான். தாடியும் கூசுகிற கண்ணுமாகச் சென்னகேசவன் வெளியே வந்தான். கூடியிருந்த தெருவைச் சுற்றிப் பார்த்தான்.

"எல்லாரும் வெளிய நிக்கீகளே, யாரு செத்தா?"

யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு ராமசுப்பு மட்டும், "ஏலே, கொழும்புக் கப்பல் வந்துருச்சுடா!" என்றான். சௌடம்மாள் திரும்பினாள்.

"ஆமாண்ணே. காசிக்குப் போன ஒங்க தங்கச்சி எந்த ரயில்ல வாராக? நேத்துக்கூட ஒங்க வீட்ல அழுத சத்தம் கேட்டுச்சே?"

குமாஸ்தா கார்டில் ஆறாவது பெயரை எழுத, ராமசுப்பு உள்ளே போய்விட்டான். ஆனால் அன்று மாலையே அவன் பெண்சாதி, கார்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு குமாஸ்தாவைத் தேடிப் போனாள். அந்த மாதத்தில் கொழும்பிலிருந்து ஒருவர், ரங்கோனிலிருந்து ஒருவர், காசியிலிருந்து ஒருத்தி என மூன்று பேர் கப்பலும் ரயிலும் ஏறாமல் அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்தார்கள்.

சென்னகேசவனுக்குக் குணமாகிவிடவில்லை. சுவர் இன்னும் கூப்பிட்டது. ஆனால் பூட்டு போன பிறகு காலையில் பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சில நாள் அறுந்த இழையை முடிந்தான், சில நாள் சும்மா இருந்தான். மற்ற வீட்டுப் பெண்கள் சௌடம்மாளிடம் யோசனை கேட்டு வந்தார்கள். "கத்துனா நீயும் கத்தாத. பசிக்குதான்னு மொதல்ல கேளு" என்பாள். எங்கிருந்து வந்தது இந்தத் தைரியம் என்று கேட்டவர்களிடம், "பசிதான் பேசுச்சு, நான் எங்க பேசினேன்?" என்று தள்ளிவிடுவாள். பசித்தவர்கள் அந்தத் தெருவில் எத்தனையோ பேர் இருந்தார்கள். பேசியவள் அவள் ஒருத்திதான்.

மாமியார் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. நாலாவது மாதம் ரேஷன் கடை வரிசையில் ஜக்கம்மாள்தான் நின்றாள். நெடுநாள் கழித்து அவளைக் கண்ட கடைக்காரர் பழைய நினைப்பில் ஐந்து பேருக்கு அளந்தார்.

"ஆறு" என்றாள் கிழவி, நல்ல தமிழில். "கார்டை நல்லாப் பாரு. சென்னகேசவன், எம் மகன். சத்தமா வாசி."