அப்பா பார்த்த பிரிட்டிஷ் படங்கள்

நூற்பாலை இரைச்சலுக்குள் முப்பது வருஷம் நின்றதில் அப்பாவுக்குக் காது போய்விட்டது. சினிமாக் கொட்டகைக்குப் போவதையும் விட்டுவிட்டார். சிரிப்புக் காட்சியில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவர் சிரித்தாராம். யாரோ திரும்பிப் பார்த்துவிட்டார்களாம். அவ்வளவு ரோஷம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் நாங்கள் சிலர் திரைப்படச் சங்கம் நடத்தினோம். நான் ஆங்கில வாத்தியார் என்பதால் பள்ளிக்கூட அறை கிடைத்தது. ஒரு பிரிட்டிஷ் இயக்குநரின் படங்களை முதலிலிருந்து கடைசிவரை, ஞாயிறு காலைகளில் டிவியில் வீடியோ கேசட் போட்டுக் காட்டினோம். அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன்.

முதல் படத்தில் பேசிய ஆங்கிலம் யாருக்கும் பிடிபடவில்லை, எனக்கும்தான். படம் முடிந்து எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது அப்பா உரக்கச் சொன்னார்: “வீட்டுக்கு வந்தவன் கோட்டக் கழட்டாமலே உக்காந்திருக்காம்லா? அவன் தங்க வரல. சொல்லிட்டுப் போக வந்திருக்கான்.”

அதன்பின் படம் முடிந்தால் கூட்டம் அப்பாவைத்தான் சுற்றி நிற்கும். கையில் கடலைமிட்டாயைத் திணித்து, உதடு தெரியும்படி முகத்துக்கு நேரே நின்று, “அண்ணாச்சி, அவ ஏன் அழுதா?” என்று கேட்பார்கள். அப்பா சனிக்கிழமையே வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இயக்குநருக்குப் புகழ் வர வரப் படங்களில் பெரிய நடிகர்கள் வந்தார்கள். பேச்சும் பெருகியது. “ஆளுக்குப் பேர் வந்திட்டு, வாயும் நீண்டிட்டு,” என்றார் அப்பா. அந்த நடிகர்களின் ஆங்கிலம் எனக்குப் புரிந்தது. சங்கத்தார் கேட்கவே, படம் ஓடும்போதே வசனத்தை மைக்கில் தமிழில் சொல்லத் தொடங்கினேன். என் புத்தியை என்ன சொல்ல! அறையே சிரித்தது. அப்பா பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிந்திச் சிரித்தார். மைக்கை அணைத்துவிட்டு, ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

மழை பெய்து, கரிசல் மண் செருப்பை விடாமல் பிடித்த பாதையில் வீட்டுக்கு நடந்தோம்.

“நீ சுவிட்ச அமத்துனத பாத்தேம்லே,” என்றார் அப்பா. “எனக்காவ மத்தவங்க படத்தக் கெடுக்காத. பேசு. எம்பக்கம் திரும்பிப் பேசு, போதும்.”

அடுத்த ஞாயிறு அந்த இயக்குநரின் கடைசிப் படம். என் முகத்தில் வெளிச்சம் விழ ஒரே ஒரு சன்னலைத் திறந்துவைத்து, டிவிக்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கைத் தாடைக்குக் கீழே பிடித்தபடி, காதில் விழுந்ததை எல்லாம் தமிழில் சொன்னேன். அப்பாவின் கண் என் வாய்க்கும் டிவிக்குமாகப் போய்வந்தது. ஓரிடத்தில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். இல்லை, ஒரு நொடி முந்தியே சிரித்துவிட்டார்.

படத்தில் என்னென்ன நடந்தது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாதான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.