கட்டம் கழற்றிய கண்ணாடி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். ஆனாலும் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், ஆஸிலோஸ்கோப்பில் கோடு கோணினால் எங்கே போவது என்று. கண்ணை மூடிக்கொண்டு டயர்க்கடை மாடியைக் காட்டுவார்கள். ‘நேர்கோடு’ என்பது தெரு வைத்த பட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் தூங்குகிறது.

மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் அலையாக எழுதிக் காட்டும் பெட்டிதான் ஆஸிலோஸ்கோப். எப்படி எழுதுகிறது என்று மாடி ஏறி வருகிறவர் யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒரே விளக்கம்தான். யாரிடமும் படித்ததில்லை, சொந்தச் சரக்கு.

“ஒரு புள்ளி இடமிருந்து வலமா ஓடணும். அதை ஓட்டுறது யாரு? உள்ள ஒரு வாளி இருக்கு, கெப்பாசிட்டர்னு பேரு. அதுக்கு மேல ஒரு குழாய். மட்டம் ஏற ஏற புள்ளி வலப்பக்கம் நகரும். விளிம்பு வந்ததும் வாளியைப் படார்னு கவிழ்த்திடணும், புள்ளி பழைய இடத்துக்கு ஓடி வந்துடும். வர்றப்போ விளக்கை அணைச்சிடுவோம், இல்லேன்னா திரும்பி வர்ற கோடும் தெரிஞ்சு படம் நாறிடும். வந்த வேகத்துல மறுபடி ஓடவும் கூடாது. கடைசிச் சொட்டு வடியற வரைக்கும் நின்னு மூச்சு வாங்கணும். அப்புறம் அலை அதே இடத்துக்கு வர்றப்போ முதுகுல ஒரு தட்டு, கிளம்புடா! இப்படி ஓடினாத்தான் படம் ஆடாம நிக்கும்.”

“குழாய்த் தண்ணி முன்னப்பின்ன விழுந்தா?” என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

“அங்கதான் இருக்கு தொழிலு. சும்மா ரெசிஸ்டர்னு ஒரு குறுகல் குழாயை வெச்சு ஊத்தினா வாளி நிறைய நிறைய ஒழுக்கு மெலிஞ்சிடும். புள்ளி கடைசியில கால் வலிச்சவன் மாதிரி நடக்கும், வலது ஓரத்துல அலை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு நெருங்கும். கடைசிவரைக்கும் ஒரே சீரா ஊத்தத் தனியா ஒரு சர்க்யூட் வேணும். அதை நேராக்குறவன்தான் மெக்கானிக். மத்தவன் திருகாணி கழட்டுறவன்.”

அந்தக் கடைசி வாக்கியம் பக்கத்து மேஜைக்கு. அங்கே ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவன் அவர் மனைவியின் தம்பி. அவனுக்கும் மீசை நரைத்துவிட்டது, இன்னமும் அவருக்கு அவன் திருகாணி கழட்டுறவன்தான்.

இன்னொரு பெருமையும் உண்டு அவருக்கு. திரையின் மேல் கட்டம் கீறிய பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். கட்டத்துக்கு ஓர் அலை உட்காருகிறதா என்று பார்த்துத்தான் ஊரில் எல்லோரும் சரி செய்வார்கள். இவர் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகத் தகட்டைக் கழற்றி மூலையில் போடுவார். “கட்டம் கண்ணில்லாதவனுக்கு. என் கண்ணே கட்டம்.” இத்தனைக்கும் அவருக்கு வேலை செய்வது வலக்கண் மட்டுமே. இடக்கண்ணில் எந்தக் காலத்திலோ வெட்டிய கம்பித் துண்டு ஒன்று தெறித்து விழுந்தது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒற்றைக் கண்ணால் ஊர்க் கோடுகளையெல்லாம் நிமிர்த்தியவர்.

அந்தக் கண்தான் இப்போது சதி செய்கிறது என்று நினைத்தார்.

கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்துப் பெட்டிகள், ஒரு வண்டி நிறைய, மாடியில் வந்து இறங்கியிருந்தன. கிடங்கின் ஈரத்தில் கிடந்து, புள்ளியின் மெதுவான ஓட்டத்துக்கென்று தனியாக இருக்கும் வாளிகள் எல்லாவற்றிலும் வெடித்திருந்தன. தம் பழைய சரக்கு டப்பாவிலிருந்து எடுத்து மாற்றினார். கரண்டிலிருந்து அலையைக் கொடுத்துப் பார்த்தார். இடப்பக்கம் அணிவகுப்பாக வந்த அலைகள் வலது ஓரத்தில் முண்டியடித்தன. திருகைத் திருப்பினார். வலப்பக்கம் சரியானால் இடப்பக்கம் விரிந்தது. தலைக்கு இழுத்தால் காலுக்குப் பற்றாத போர்வை. குழாய்ப் பக்கம் முழுக்கப் புதிதாகக் கட்டினார். அதே டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து வாளியைத் திரும்பவும் மாற்றினார். அடுத்த பெட்டியைத் திறந்தார். அதிலும் அதே முண்டியடிப்பு. அதற்கடுத்ததிலும்.

ஒரு பெட்டி கோணலாக இருக்கலாம். வந்த பெட்டியெல்லாம் கோணல் என்றால்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எத்தனை பேரை அவரே கேலி செய்திருக்கிறார்! வேகமான ஓட்டத்தில் கோடு ஒழுங்காகத்தான் நின்றது. அதுவும் அவருக்கு ஆறுதலாக இல்லை. களைத்த கண்ணும் அப்படித்தானே, சட்டென்று பார்த்தால் சரியாக இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் ஏமாற்றும்.

அன்றிலிருந்து திரைக்குக் கறுப்புத் துணி போட்டு உள்ளே தலையை விட்டுக்கொண்டார். மச்சினன் எட்டிப் பார்த்தால், “உன் வேலையைப் பாரு.” அவனைக் கூப்பிட்டு, ‘உனக்கும் நெருக்கமாத் தெரியுதா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கமாட்டார். அடுத்தவன் கண்ணை இரவல் வாங்கிப் பழக்கமில்லை. ஆய்வுக்கூடத்துக்காரர் போன் செய்யும்போதெல்லாம் “நாளைக்கு” என்றார். ராத்திரி தூக்கமில்லை, பகலில் தோள்பட்டை இரும்பாகக் கனத்தது. வீட்டுப் படியேறக்கூட இருமுறை நின்றார்.

ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, துணிக்குள்ளிருந்து அவர் தலை வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள். வந்த முகத்தைப் பார்த்துப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாளையிலேருந்து இந்த மேஜையில உன் தம்பி உட்காரட்டும்.”

பக்கத்து மேஜையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் தாங்கிக்குப் போய் நின்றது. “எந்தத் தம்பி? திருகாணி கழட்டுறவனா?” என்றான் மச்சினன்.

“சும்மா இருடா,” என்றாள் அக்கா. “நீங்க சொல்லுங்க.”

“கண்ணு போச்சு.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு சோற்றைப் பார்த்துக்கொண்டே, “கோடு வளையுது. எல்லாப் பெட்டியிலயும். ஒத்தைக் கண்ணு, அதுவும் வளைச்சுக் காட்டினா நான் எதைப் பார்த்து நிமிர்த்துறது? கண்ணில்லாம இந்த நாற்காலி எதுக்கு எனக்கு?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “ஜன்னல் கம்பி நேராத் தெரியுதா?”

“ஜன்னல் கம்பி ஓடுதா? இது ஓடுற புள்ளிடீ.”

“ஓடுறதை மட்டும் வளைக்கிற கண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

மச்சினன் எழுந்தான். மூலைக்குப் போய்க் குவியலிலிருந்து ஒரு கட்டத் தகட்டை எடுத்தான். சட்டை நுனியால் தூசியைத் துடைத்தான். “அத்தான், இதை மாட்டிப் பாருங்க.”

“கண்ணில்லாதவனுக்குத்தான் அது. இப்பக் கொண்டு வர்றே பாரு, குத்திக் காட்ட.”

“கோபப்படாதீங்க, கேளுங்க. கட்டத்தை எவனோ மிஷின்ல கீறினான். அதை எந்த சர்க்யூட்டும் வளைக்காது. அலையை சர்க்யூட் வரையுது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க. உங்க கண்ணு வளைச்சுதுன்னா கட்டமும் அலையும் சேர்ந்துதான் நெருங்கும். அலை மட்டும் நெருங்கினா?”

அவர் துணிக்குள் போகவில்லை. கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பார்க்காதவரை அது வெறும் சந்தேகம். பார்த்துவிட்டால் தீர்ப்பு.

“பாருங்க,” என்றாள் மனைவி. “சோறு ஆறுது.”

மச்சினன் தகட்டை மாட்டி ஒதுங்கி நின்றான். அவன் திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தபடி நின்றான். அந்த மரியாதை அவருக்குத் தெரிந்தது. தலையை உள்ளே விட்டார்.

கட்டங்களை எண்ணும் முணுமுணுப்பு கேட்டது.

“கட்டம் நேரா இருக்கு,” என்றது துணி. “கடைசி வரைக்கும் ஒரே அகலம். அலைதான் கட்டக் கோட்டைத் தாண்டி உள்ள வருது. ஓரத்துல ஒரே கட்டத்துல ரெண்டு உட்காருது.”

“இப்ப நான் பார்க்கலாமா?”

“வாடா.”

இருவர் தலையும் துணிக்குள் முட்டின. மச்சினன் பார்த்துவிட்டு, அயர்னை எடுத்து, அவர் போட்டிருந்த வாளியின் பக்கத்தில், தொடாமல், காட்டினான். மெழுகு பூசிய பழைய கெப்பாசிட்டர். சூடு ஏற ஏற வலது ஓரத்து அலைகள் இன்னும் நெருங்கின. அயர்னை விலக்கினான். மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

“வாளி ஓட்டை அத்தான். சூடு பட்டா ஓட்டை இன்னும் பெருசாகுது. நிறைய நிறைய ஓட்டையிலயும் அழுத்தமாப் போகுது. குழாய் சீராத்தான் ஊத்துது, மட்டம்தான் ஏறமாட்டேங்குது.”

அந்த டப்பா! பூட்டிய தொழிற்சாலையின் ஏலத்தில் அவரே பொறுக்கி எடுத்து, தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தது. ‘அந்தக் காலத்துச் சரக்கு, சாகாது’ என்று தெருவெல்லாம் சொன்னது. மச்சினன் வாங்கி வைத்த புதுச் சரக்கை, ‘பிளாஸ்டிக் பொம்மை’ என்று ஒதுக்கியது. தம் கண்மேல் பழி போட்டாரே ஒழிய அந்த டப்பாமேல் ஒரு தூசு விழ விட்டாரா?

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சந்தோஷம் வரவேண்டிய இடம்தான். வந்தது என்னவோ அசதி. சுவரோரம் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தார். தப்பு கண்ணில்தான் என்று நம்பி மூடி, திருகாணி இறுக்கி, துடைத்து வைத்தவை. எல்லாவற்றிலும் அதே ஓட்டை வாளி. எல்லாவற்றையும் முதலிலிருந்து திறக்க வேண்டும்.

“இந்தக் கண்ணு பொய் சொல்லாதுன்னு நான் அப்பவே சொல்லல?” என்றார்.

“சொல்லலீங்க,” என்றாள் மனைவி.

போன் அடித்தது. ஆய்வுக்கூடத்துக்காரர். மனைவி எடுத்து அவரைப் பார்த்தாள். நாளைக்கு என்று சொல்லத்தான் வாய் போனது. “அடுத்த வாரம்னு சொல்லு,” என்றார். “தப்பு என் பக்கம்னு வேணாலும் சொல்லு. ரொம்ப விளக்காதே.”

இரண்டு கவளம் சாப்பிட்டுக் கையைக் கழுவி வந்தார். முதல் பெட்டியை மேஜைக்கு இழுத்தார்.

“மாப்ளே, உன் பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டா.”

“நாற்காலி?”

“அதுல நான் உட்கார்ந்திருக்கேன், தெரியல? நீ அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திருகாணி கழட்டு.”

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் கறுப்புத் துணியை மடித்து டப்பாவின் மேல் போட்டார். கட்டத் தகடு திரையிலேயே இருந்தது. கழற்றக் கை போகவில்லை. களைப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.